லீவு விஷயமாக மகளுக்கு

செட்டிபாளையம்,
2025 செப்டெம்பர்.

அன்புள்ள மகளுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கூடியிருந்தது, குளிசையை மாற்றிக் கொடுத்ததில் இப்போது இறங்கியிருக்கு. தங்கச்சி வேலைக்குப் போய் வருகிறாள். நீ கேட்ட லீவு அனுமதிக் கடிதத்தை அவள்தான் ஸ்கேன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நீலச் சரி விழுந்துவிட்டது, அக்கா பார்த்துவிட்டாள் என்றாள். கிடைத்தது என்று ஒரு சொல் நீ போடவில்லை. வேலைக் களைப்பாக இருக்கும். மூலப்பிரதி பத்திரமாக இருக்கு, பச்சைக் கோவையில் உன் நியமனக் கடிதத்துக்கு அடுத்ததாகக் கோத்து வைத்திருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்காதே, அனுப்ப மாட்டேன். வேணுமென்றால் நீ வந்து எடு.

எதற்கு அந்தக் கொப்பி என்று நான் கேட்கவில்லை. ஓர் உத்தியோகத்தர் தன் சொந்தக் கோவையிலிருந்து கடிதம் கேட்டால் ஏன் என்று கேட்பது கிளாக்கரின் வேலை இல்லை. கேட்டது உன் அம்மா. "திரும்பி வாறதுக்குக் கேக்காளா, வேலைய எழுதிக் குடுக்கிறதுக்குக் கேக்காளா?" என்று குசினி வாசலில் நின்று கேட்டா. இரண்டுக்கும் அதே கடிதம்தான் வேணும் என்று சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை.

இதில் உன் பக்கமும் கொஞ்சம் பிழை இருக்கு. ஆடி அமாவாசைக்கு முந்தி நீ இங்கிலாந்திலிருந்து பேசும்போது 'லீவ் டு ரிமெய்ன்' என்று ஒன்று சொன்னாய், அதை எடுக்க வேணும், அதற்குக் காசு சேர்க்கிறேன் என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அம்மாவின் காதில் விழுந்தது லீவு மட்டும்தான். புள்ளைக்கு லீவு கிடைக்கப் போகுது, வரப் போறாள் என்று சின்னம்மா வீட்டில் சொல்லி, மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போன இடத்தில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லி, உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆளும் பேசிவிட்டா. அது வருகிற லீவு இல்லை, அங்கேயே இருக்கிறதுக்கான லீவு என்று நான் எப்படிச் சொல்வது? ஒரு மாதிரிச் சொன்னேன். "இருக்கிறதுக்கு ஆராவது லீவு எடுப்பாங்களா?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. உத்தியோக காலம் முழுக்க லீவு ரெஜிஸ்டர் எழுதின மனிசனிடம் அதற்குப் பதில் இல்லை. அதனால்தான் அகராதியை எடுத்தேன். நீ வந்தாறுமூலையில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் வாங்கித் தந்தாயே, அந்தத் தடித்த புத்தகம். கறையான் அட்டையை மட்டும்தான் தின்றிருக்கு.

லீவ் என்பது ஒரே சொல், லீவு எடுத்தவன் கந்தோரை விட்டுப் போகிறான், அதனால் அதற்கு லீவு என்று பெயர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அகராதி சொல்வது வேறு. இரண்டு தனித்தனிச் சொற்கள், வேறு வேறு வேரில் பிறந்து, ஓசை தேய்ந்து தேய்ந்து ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. விட்டுப் போகிற லீவ் பழைய ஆங்கிலத்தில் லேஃபன். அனுமதி என்கிற லீவ் பழைய ஆங்கிலத்தில் லேயாஃப். எங்கட கந்தோர் லீவு இந்த இரண்டாவது. 'லீவ் ஒஃப் அப்சன்ஸ்', அதாவது வராமல் இருக்க அனுமதி. அதன் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் லீவு என்று வைத்துக்கொண்டோம். நீதிமன்றத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் நிற்கிறது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டால் முதலில் 'லீவ் டு ப்ரொசீட்' கிடைக்க வேணும், பிறகுதான் விசாரணை. அங்கே சட்டத்தரணி லீவ் கேட்கிறார் என்றால் வீட்டுக்குப் போக இல்லை, வழக்கை மேலே கொண்டுபோக.

உன்னுடையதும் அந்தக் குடும்பம்தான். இங்கிலாந்தின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் முழுக்க இப்படித்தான் பேசுதாம், உள்ளே வர லீவ், உள்ளே இருக்க லீவ் என்று. அனுமதி என்று போட்டுப் படித்தால் சிக்கல் ஒன்றுமில்லை. இதை அம்மாவுக்கு நிதானமாக விளங்கப்படுத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இருக்கிறதுக்கும் அவங்களிட்டக் கேக்கணுமா என்ட புள்ள?" என்றா. இதற்கும் பதில் அகராதியில் இல்லை.

இந்த அனுமதி லீவுக்கு ஆங்கிலத்தில் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால் நீ சிரிப்பாய். லவ். நம்புவதைச் சொல்கிற பிலீவ். எல்லாம் ஒரே அடிவேர். ஒருவர் மனம் உவந்து 'சரி, போ' என்பதுதான் ஆதியில் அந்த லீவ். எங்கட கந்தோர் நடைமுறையைப் பார்த்தவர் எவரும் இதை நம்ப மாட்டார். உவந்து லீவு கொடுத்த அதிகாரிமாரை எண்ண எனக்கு ஒரு கை போதும். டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ஃபர்லோவும் இதே வேர்தான், 2020 கொரோனா முடக்கத்தில் உங்கட நாட்டில் அரசாங்கம் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொடுத்து ஆட்களை வீட்டில் இருத்தியதே, அது. ஜேர்மன்காரர் லீவுக்குச் சொல்கிற உர்லௌப்பும் இதே வேர். உன் பெரிய மாமா போனில் "ஊர்லாப் கிடைச்சா வருவன்" என்று சொல்வாரே, ஊருக்கு வருகிற லீவு, ஆகவே ஊர்லாப் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மம்மா கண்ணை மூடும் வரைக்கும் அதைத் தமிழ்ச் சொல் என்றுதான் நினைத்தா. மாமா 87இல் போனவர், அம்மம்மாவின் செத்த வீட்டுக்கு அவருக்கு ஊர்லாப் கிடைக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, கை போன போக்கில் வந்துவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் போவதற்கு ஆங்கிலேயர் 'ஃபிரெஞ்ச் லீவ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபிரெஞ்சுக்காரர் அதையே ஆங்கிலேயர் போல நழுவுவது என்கிறார்கள். நீ அப்படிப் போகவில்லை, அதை நான் யாரிடமும் சொல்வேன். படிவத்தை நிரப்பி, மேசையில் வைத்து, "அப்பா ஒருக்காப் பாருங்க, பிழை இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்டுத்தான் போனாய். வெளிநாட்டு லீவுக்கான 126ஆம் பொதுப் படிவத்தை அவ்வளவு சுத்தமாக நிரப்பின உத்தியோகத்தரை நான் என் சேவையில் காணவில்லை. வெட்டுக் கொத்து ஒன்று இல்லை.

சாதாரண லீவுக்கான 125ஆம் படிவம் உனக்கு நல்ல பழக்கம். சின்ன வயதில் நீ கணக்குச் செய்து படித்த தாள் எல்லாம் அதன் பின்பக்கம்தானே. முன்பக்கத்தில் காரணம் என்று ஒரு நிரல் இருக்கு. எங்கட ஆட்கள் அதில் எழுதினவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் மட்டக்களப்பின் சரித்திரமே வந்திருக்கும். 'பாதை ஓடவில்லை' என்று வாவிக்கு அங்கால் படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் வருடம் முழுக்க எழுதுவார்கள். மண்முனைத் துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற அந்த மிதவைப் பாதை ஓடாவிட்டால் அவர்களுக்குக் கந்தோர் இல்லை. 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தக் காரணமே ரெஜிஸ்டரை விட்டுப் போனது. 'சுற்றிவளைப்பு' என்று ஒரு காலம் நிரல் நிரலாக இருந்தது. 'வெள்ளாமை வெட்டு' என்று மட்டும் ஒருவரும் எழுத மாட்டார்கள், காய்ச்சல் என்று எழுதுவார்கள். தை, மாசியில் வட்டைப் பக்கம் போய்ப் பார்த்தால் காய்ச்சல்காரர் எல்லாம் வரம்பில் நிற்பார்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கந்தோர் திறந்த அன்றைக்கு வரவு இடாப்பைக் கையில் எடுத்தது நான்தான். வராதவருக்கு நேரே சிவப்பால் கோடு போட வேணும். யார் முகாமில், யார் இல்லை என்று தெரியாமல் யாருக்கு எதைப் போடுவது? ஒருவருக்கும் போடவில்லை. நாவலடியிலிருந்து சைக்கிளில் வருகிற எங்கட பியோன் ஐயாவுக்கு அந்த வருடத்து லீவில் நாட்கள் மிச்சம் இருந்தன. வருடக் கடைசிக் கணக்கில் அவருடைய பக்கத்தையும் கூட்டி, மிச்சம் இவ்வளவு என்று எழுதினேன். கூட்டாமல் விட்டிருக்கலாம். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த மிச்சம்தான் மற்ற லீவின் ஆதிப் பொருள். விட்டுப் போகிற லீவ் இருக்கே, அது முதலில் போவதைச் சொன்னதில்லை. இருக்க விடுவது, மிச்சம் வைப்பது, பின்னால் வருகிறவர்களுக்கு வைத்துவிட்டுப் போவது, இவைதான் அதன் பொருள். தங்கியிருப்பதற்கு ஜேர்மன்காரர் சொல்கிற பிளைபன் இதன் உறவு, மாமாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். லைஃப், லிவ் என்ற உயிர் வாழ்கிற சொற்களும் இந்த வேரில்தான். ஒன்றை வைத்துவிட்டுப் போகிற மனிசன் அந்த இடத்தை விட்டும் போகிறான் அல்லவா, காலப்போக்கில் வைத்தது பின்னுக்குப் போய், போனது முன்னுக்கு வந்துவிட்டது.

உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று. லெவன், ட்வெல்வ் என்று பதினொன்றையும் பன்னிரண்டையும் சொல்கிறார்களே, தேர்ட்டீன், ஃபோர்ட்டீன் போல ஏன் அவை இல்லை என்று ஐந்தாம் வகுப்பில் நீ கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதுவும் இந்த மிச்சம்தான். பத்தை எண்ணி முடித்த பிறகு ஒன்று மிச்சம் என்பது லெவன், இரண்டு மிச்சம் என்பது ட்வெல்வ். நாங்கள் பத்தைச் சொல்லி ஒன்றைச் சொல்கிறோம், அவர்கள் பத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்கிறார்கள். ஆனால் இடப் பக்கத்தைச் சொல்கிற லெஃப்ட் இதன் உறவு இல்லை, அது பலவீனம் என்ற பொருளில் வந்த வேறு சொல். மர இலையைச் சொல்கிற லீவ்ஸும் வேறு. எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

2016 ஜூன் 23ஆம் திகதி நீ இருக்கிற நாட்டுச் சனம், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா இருப்பதா என்று, 'லீவ்' என்றும் 'ரிமெய்ன்' என்றும் பிரிந்து நின்று வாக்குப் போட்டது. லீவுக்கு 51.9 வீதம், ரிமெய்னுக்கு 48.1 வீதம். அப்பனும் மகனும் முகம் பார்க்காத வீடுகள் அங்கே உண்டு என்று நீதான் சொன்னாய். அந்த இரண்டு சொல்லும் அதற்கு எத்தனையோ காலம் முந்தியே உங்களைப் போன்றவர்களின் விசாக் கடிதத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றாய்க் கிடந்திருக்கு பார்.

சரி. வைத்துவிட்டுப் போவதைப் பற்றிச் சொன்னேன். ஒரு மனிசன் தன் வீட்டை மகளுக்கு எழுதி வைப்பதற்கும் ஆங்கிலத்தில் இந்த லீவ்தான். எங்கட பக்கத்தில் அதற்குச் சாகும்வரை காத்திருப்பதில்லை. பொம்புளப் புள்ள வீட்டை விட்டுப் போறதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். நானும் களுதாவளையிலிருந்து அப்படி வந்தவன்தான். உன் அம்மாவுக்காக அம்மம்மா இந்த வீட்டை விட்டு ஒதுங்கிப் பின்வளவில் ஒரு சின்னக் குசினியும் அறையும் போட்டுக்கொண்டு இருந்தா, ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. முக்குவச் சட்டம் என்று இருந்த பழைய வழமையை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் நீதிமன்றத்தை விட்டு வெளியே போட்டது, வளவுக்குள் இன்னும் அது நடக்குது. உனக்குக் கலியாணம் முடிந்தால் நானும் அம்மாவும் அதே பின்வளவுக்குத்தான். உறுதி எழுதவில்லையே தவிர, இது மூத்தவளின் வீடு என்று ஊருக்கே தெரியும். தபால்காரர்கூட உன் பெயரைச் சொல்லித்தான் வீட்டை அடையாளம் காட்டுகிறார்.

தங்கச்சிக்குக் குருக்கள்மடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பெடியன் அரசாங்க உத்தியோகம், வெற்றிலை பாக்குக்கூடப் போடாத பிள்ளை. தாய் தகப்பன் மரியாதையாகப் பேசினார்கள். போகும்போது தகப்பன் வாசலில் நின்று, "வீடு எது அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் கேட்கக் கூச்சம், எனக்கும் சொல்லக் கூச்சம். தங்கச்சிக்கென்று வடக்கு வளவில் போட்ட வீடு அத்திவாரமும் தூணுமாக நிற்பது உனக்குத் தெரியும். 2022இல் சீமெந்து விலை ஏறினதோடு நின்றது, இப்போது தூணில் கொடி படர்ந்திருக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். தங்கச்சி அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. உன் வீட்டை அவள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். நானும் கேட்கவில்லை. ஊர் நடப்பை எழுதினேன், அவ்வளவுதான். மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்கிறதா என்று சின்னம்மா ஒரு பக்கம். நீ அனுப்புகிற காசில் அம்மாவின் மருந்துக்குப் போக மற்றது உன் கணக்கில் அப்படியே கிடக்கு, புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், நீ பார்த்துக்கொள்.

தமிழ் வாத்தியார் ஒருவர் எங்களுக்கு முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு இரண்டு உதாரணம் சொல்வார், கெடு கேடானது, விடு வீடானது. அந்த வீடு மோட்சம், பற்றை விடுவது. ஓட்டு வீட்டையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். விடுமுறையிலும் விடுதான் இருக்கு. போகிறவர் பெறுகிற விடையும் அப்படி, கொடுக்கிறவர் கொடுத்தால்தான் விடை. ஆங்கிலேயரின் 'டேக் லீவ்' என்பதும் முதலில் போய் வர அனுமதி கேட்பதுதான். அவர்களுக்கு இரண்டு வேர் ஒன்றாய் வந்தது, எங்களுக்கு ஒரு வேர் பலதாய்ப் போனது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது எதைச் சொன்னாலும் அது நீ வருவதைப் பற்றியா வராததைப் பற்றியா என்று கேட்கிறா.

இனி முக்கியமான விஷயம். 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கைப்படி உனக்குக் கொடுத்த நோ பே லீவு ஐந்து வருடம். சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சொல்லிக் கொடுத்தது. எரிபொருள் வரிசையில் நாடே நின்ற நேரம், அரசாங்கமே தன் உத்தியோகத்தரைப் போய் டொலர் உழை என்று அனுப்பின காலம். நீ 2022 ஒக்டோபரில் போனாய். ஆகவே 2027 ஒக்டோபரில் கடமைக்குத் திரும்ப வேணும். நீ சொல்கிற அந்த நிரந்தர லீவ் டு ரிமெய்ன் கேட்க அங்கே ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேணும். அதுவும் 2027 ஒக்டோபர். இங்கே வராமல் இருக்கிற அனுமதி முடிகிற மாதமும் அங்கே இருக்கிற அனுமதிக்குத் தகுதி வருகிற மாதமும் ஒன்று. நான் ரெஜிஸ்டர் எழுதின ஆள், திகதியைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கூட்டிப் பார்த்தேன், உனக்கு முந்தியே கூட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அந்தத் திகதியில் கடமைக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். 'வெக்கேஷன் ஒஃப் போஸ்ட்'. பதவியை வறிதாக்கியவராகக் கருதிக் கடிதம் வரும். வி.ஓ.பி. அடித்தாயிற்று என்று கந்தோரில் சொல்வார்கள், எத்தனை பேருக்கு நான் டைப் அடித்திருப்பேன். வெக்கேஷன் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொண்டாட்டம். அதே சொல் உத்தியோகத்தருக்கு வந்தால் கதை முடிந்தது. லத்தீனில் வெறுமையாய்க் கிடப்பதைச் சொல்கிற வேர், விடுமுறைக்குக் கந்தோர் வெறுமை, இதற்குக் கதிரை வெறுமை. வேலையை விடுவதென்றால் முறையாக எழுதிக் கொடுத்து விடு. வி.ஓ.பி. வாங்கி விடாதே. நீ வேலையை விடப் போகிறாய் என்று நான் சொல்லவில்லை. விட்டாலும் என்று சொல்கிறேன்.

2017இல் காந்தி பூங்காவுக்கு முன்னால் பட்டதாரிகள் கொட்டகை போட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தபோது நீயும் இருந்தாய். வெயிலில் முகம் கறுத்து வீட்டுக்கு வருவாய், அம்மா திட்டுவா. நான் பின்னேரம் வேலை முடிந்து அந்தப் பக்கத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன், உனக்குத் தெரியாது. அப்படிக் கிடைத்த வேலை அது. நீ அங்கே கிழவன் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலையை நான் ஒரு நாளும் குறைவாகச் சொன்னதில்லை, சொல்கிறவனைப் பேசியும் இருக்கிறேன். அம்மம்மாவின் கடைசி மாதங்களில் அவவை நீ பார்த்த விதத்தை ஊரே சொல்லும். இருந்தாலும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று நியமனக் கடிதத்தில் உன் பெயரைப் பார்த்த அன்று எனக்கு எப்படி இருந்தது என்பதை நீ மறந்துவிட்டாயோ என்று சில நேரம் தோன்றுது.

போன மே மாதம் உங்கட அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஐந்து வருடத்தைப் பத்தாக்கப் போவதாக இருக்காமே. அது ஏற்கெனவே போனவர்களையும் பிடிக்குமா? பிடித்தால் உன் கணக்கு என்ன? ஜூலை 22இலிருந்து கெயார் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கிற ஸ்பொன்சர் உரிமம் பறிபோன கெயார் ஹோம்களைப் பற்றியும் வாசித்தேன். உரிமம் போனால் அங்கே வேலை செய்தவர்களுக்கு வேறு ஸ்பொன்சர் தேட 60 நாள்தான், பிறகு லீவை வெட்டுவார்களாம். வெட்டுவது என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. உன் விலாசம் மாறியிருக்கு என்று தங்கச்சி சொன்னாள். ஏன் மாறியது என்று அவள் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியுமா என்றும் நான் கேட்கவில்லை. விலாசம் மாறலாம், வாடகை கூடினால் மாறத்தான் செய்யும்.

அங்கே எந்தக் கடிதம் வந்தாலும் கொப்பி எடுத்து வை. சம்பளத் துண்டு, ஸ்பொன்சர் கடிதம், விசா, எல்லாவற்றிலும் கொப்பி. வாசிக்காமல் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே. வெளியில் 180 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு விதி இருக்காம், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துப் பார்த்தாலும். அம்மாவுக்காக வந்தாலும் அதைக் கணக்கில் வைத்துக்கொள். ஊருக்கு வந்து போக அது தாராளம், அதைச் சொல்லி வராமல் இருக்காதே. அந்த நாட்டைப் பற்றிக் கேட்கிற சோதனை 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியென்றால் போதுமாம். உனக்கு அது ஒரு சோதனையா? காசுதான் 3,029 பவுண், எங்கட காசில் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேலே வருது. அதற்குத்தான் சேர்க்கிறாய் என்றால் வீட்டுக்கு அனுப்புவதைக் குறை. நிற்பாட்டினாலும் சமாளிப்போம், என் பென்சன் இருக்கு. கொப்பி எடுத்து வை, அதை மறக்காதே.

நீ அங்கேயே இருப்பது என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வருவது என்றால் கந்தோரில் உன் கதிரைக்கு நான் பொறுப்பு, விதிக்கோவை என் தலைமாட்டில்தான் இருக்கு. இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். இதைக்கூட எழுதக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன், மூன்று தாள் முடிந்துவிட்டது.

குருக்கள்மடத்தாருக்கு ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு பதில் சொல்ல வேணும். உன் புது விலாசத்தைத் தங்கச்சிக்கு அனுப்பு, அவள் பெயரில் இல்லாமல் என் பெயரில் ஒரு கடிதம் எழுது, கையால் எழுது. வீட்டைப் பற்றி எழுது, வேலையைப் பற்றி எழுது, எது முதலில் வந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் 'ஓகே அப்பா' என்று மட்டும் போட்டுவிடாதே, எதற்கு ஓகே என்று எனக்கு விளங்காது.

அன்புடன்,
அப்பா